மஞ்சள் யாருக்குச் சொந்தம்?

வாசலில் ஓடி விளையாடும் குழந்தை கால் தடுக்கி விழுகிறது. முழங்காலில் சிராய்ப்பு. ரத்தம் கசிகிறது. குழந்தை வீல் என்று அலறுகிறது.

தாய் என்ன செய்கிறாள்? புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. யாரிடமும் யோசனை கேட்பதில்லை. நேரே அடுப்படிக்குப் போகிறாள். அஞ்சறைப் பெட்டியைத் திறக்கிறாள். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை எடுத்து வந்து புண்ணில் அப்புகிறாள். "ஒன்றுமில்லை கண்ணு, நாளைக்கே ஆறிவிடும்" என்கிறாள்.

இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவளுடைய தாய். அந்தத் தாய்க்கு? அவளுடைய தாய். இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். முதன் முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அமெரிக்காவில் இரண்டு பேர், "இதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான்" என்று மனுப்போட்டார்கள். அமெரிக்க அரசாங்கமும் "சரி" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது! இது கட்டுக்கதை அல்ல. 1995-ம் ஆண்டு மார்ச் 28-ந்தேதி நடந்த சம்பவம்.

அந்த முத்திரையை அழிக்க இந்தியா பெரும்பாடு பட்டது. விஞ்ஞானிகளும், வைத்திய நூல்களைப் படித்தவர்களும், சட்டம் தெரிந்தவர்களும் ஒன்றுகூட வேண்டியிருந்தது. அந்தக் கதையில் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. எழுதி வைக்காத அறிவு, தக்க சமயத்தில் கை கொடுக்காது என்பதே அந்தப் பாடம்.

பேட்டண்டு என்றால் என்ன?

ஒருவர் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறார். அல்லது ஒரு பொருளைச் செய்யப் புது வழி கண்டுபிடிக்கிறார். அதை எழுதி அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கிறார். அது உண்மையிலேயே புதிதுதானா என்று அதிகாரிகள் பரிசோதிக்கிறார்கள். புதிது என்று தெரிந்தால், அவருக்கு உரிமை வழங்குகிறார்கள். அதற்குத்தான் "பேட்டண்டு" என்று பெயர். தமிழில் "காப்புரிமை" என்பார்கள்.

பேட்டண்டு பெற்றவரின் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. இப்போது பெரும்பாலான நாடுகளில், மனுப்போட்ட நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு இந்த உரிமை நீடிக்கும். அதன் பிறகு அது ஊருக்குப் பொது.

இது நல்ல ஏற்பாடுதான். பாடுபட்டுக் கண்டுபிடித்தவருக்குப் பலன் கிடைக்க வேண்டாமா? ஆனால் ஊருக்கே தெரிந்த ஒன்றை, ஒருவர் தம்முடையது என்று பதிவு செய்துகொண்டால்? அங்கேதான் வம்பு பிறக்கிறது.

மிஸ்ஸிஸிப்பி பல்கலைக் கழக மருத்துவ நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் மஞ்சளுக்கு வாங்கிய பேட்டண்டு அப்படிப்பட்டது. அவர்கள் இருவரும் இந்திய வம்சாவளியினர் என்பது இன்னும் வேடிக்கை! இந்தியாவில் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் வெகு காலமாக மஞ்சளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த மனுவிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் மஞ்சள் தூளைப் போட்டுப் புண்ணை ஆற்றுவது தங்கள் புதுக் கண்டுபிடிப்பு என்றார்கள்.

இந்தப் பேட்டண்டு அமெரிக்காவில் மட்டுமே செல்லும். ஈரோட்டில் ஒரு தாய் தன் குழந்தையின் புண்ணுக்கு மஞ்சள் போடுவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஈரோட்டு வியாபாரி ஒருவர், புண்ணை ஆற்றும் மருந்து என்று மஞ்சள் தூளை அமெரிக்காவில் விற்கப் போனால், அந்தப் பல்கலைக் கழகத்தின் அனுமதிக்காகக் கை கட்டி நிற்க வேண்டியிருக்கும். நம் பாட்டன் சொத்துக்கு அந்நியரிடம் வாடகை கொடுப்பது போல!

பாட்டி சாட்சி செல்லாது!

"இது என்ன அநியாயம்! எங்கள் ஊருக்கு வந்து எந்தப் பாட்டியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

அங்கேதான் சிக்கல் இருந்தது. அமெரிக்காவின் அன்றைய சட்டம் ஒரு தினுசானது. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு முறை வழக்கத்தில் இருந்தால், அது பழையது என்று ஒப்புக்கொள்வார்கள். வெளிநாட்டில் வழக்கத்தில் இருந்தால் அது மட்டும் போதாது. அது அச்சில் வந்திருக்க வேண்டும். அல்லது எங்காவது பேட்டண்டு ஆகியிருக்க வேண்டும். வாய்ச்சொல் எடுபடாது.

நூறு பாட்டிகள் விமானம் ஏறிப்போய்ச் சத்தியம் செய்தாலும் பயன் இல்லை. ஆனால் ஒரு பழைய பத்திரிகையில் நாலு வரி அச்சாகியிருந்தால் போதும். அது பெரிய சாட்சி!

இந்தச் சட்டம் பிறகு திருத்தப்பட்டது. 2013 மார்ச் முதல், உலகத்தில் எந்த மூலையில் ஒரு முறை பொது வழக்கத்தில் இருந்தாலும் அமெரிக்கா அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. என்றாலும், அப்படி வழக்கத்தில் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா? நிரூபிக்க ஆதாரம் வேண்டும். மறுபடியும் எழுத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

32 ஆதாரங்கள்

விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் என்பது இந்திய அரசாங்கத்தின் பெரிய ஆராய்ச்சி ஸ்தாபனம். அப்போது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஆர். ஏ. மஷேல்கர். இதைச் சும்மா விடக்கூடாது என்று அந்த ஸ்தாபனம் முடிவு செய்தது. 1996-ம் ஆண்டில், பேட்டண்டை மறுபடியும் பரிசோதிக்கும்படி அமெரிக்கப் பேட்டண்டு ஆபீசுக்கு மனுப்போட்டது.

மனு போட்டால் போதுமா? ஆதாரம் வேண்டுமே! பழைய புத்தகங்களைத் தேடும் வேலை நடந்தது. சமஸ்கிருதம், உருது, இந்தி ஆகிய மொழிகளில் இருந்த நூல்களைப் புரட்டினார்கள். கடைசியில் 32 ஆதாரங்கள் தேறின. அவற்றில் சில நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை.

இந்திய மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் 1953-ம் ஆண்டில் வந்த கட்டுரை ஒன்றும் அவற்றில் இருந்தது. அதை எழுதியபோது, 40 ஆண்டுகளுக்குப் பிறகு இது அமெரிக்கா போய் இந்தியாவுக்காகச் சாட்சி சொல்லும் என்று யார் நினைத்திருப்பார்கள்? கண்டதை ஒழுங்காக எழுதி அச்சுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான். அந்தச் சிறிய காரியம் பிற்காலத்தில் ஒரு நாட்டின் மானத்தைக் காப்பாற்றியது.

1997 ஆகஸ்டு மாதம் முடிவு வந்தது. "புண்ணுக்கு மஞ்சள் போடுவது புதுக் கண்டுபிடிப்பு அல்ல" என்று அமெரிக்கப் பேட்டண்டு ஆபீசு ஒப்புக்கொண்டது. பேட்டண்டு ரத்தாயிற்று. நம்மைப் போன்ற ஒரு நாடு, தன் பழைய அறிவைக் காட்டி அமெரிக்கப் பேட்டண்டு ஒன்றை வீழ்த்தியது அதுவே முதல் தடவை என்று சொல்வார்கள்.

வேம்பும் பாசுமதியும்

மஞ்சளோடு வம்பு முடியவில்லை. வேம்புக்கும் வந்தது.

பயிரைத் தாக்கும் பூஞ்சைகளை வேப்ப எண்ணெயால் ஒழிக்கும் முறைக்கு ஐரோப்பாவில் 1994-ல் ஒரு பேட்டண்டு கொடுத்தார்கள். வாங்கியவர்கள், அமெரிக்க விவசாய இலாகாவும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பெனியும். இதை எதிர்த்து 1995-ல் வந்தனா சிவாவும், பெல்ஜியத்தைச் சேர்ந்த மாக்டா ஏல்வோட் என்ற பெண்மணியும், சர்வதேச இயற்கை விவசாய சம்மேளனமும் வழக்காடினார்கள். 2000-ம் ஆண்டு மே மாதம் பேட்டண்டு ரத்தாயிற்று. கம்பெனி தரப்பு அப்பீல் செய்தது. அந்த அப்பீல் 2005 மார்ச் மாதம் தள்ளுபடி ஆயிற்று. வேப்ப மரத்துக்காக 10 வருஷ வழக்கு!

பிறகு பாசுமதி அரிசி. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் உள்ள ரைஸ்டெக் என்ற கம்பெனி, பாசுமதி வகை நெல்லுக்கும் அரிசிக்கும் 1997-ல் பேட்டண்டு வாங்கியது. அதில் 20 உரிமைகள் கேட்டுப் பெற்றிருந்தது. இந்தியா 2000-ம் ஆண்டில் எதிர் மனுப்போட்டது. கடைசியில் 15 உரிமைகள் போயின. கம்பெனி தானே உருவாக்கிய நெல் ரகங்களைப் பற்றிய 5 மட்டும் நின்றன. பேட்டண்டின் தலைப்பிலும் "பாசுமதி" என்ற பெயர் இல்லாமல் போயிற்று.

இந்த வழக்கில் பேச்சு எதைப்பற்றி? அரிசியின் நீளம், வாசனை, வெந்த பின் அதன் பதம் ஆகியவை பற்றி. இவற்றை அளந்து எழுதி வைத்தவர்கள் விவசாய விஞ்ஞானிகள். கோர்ட்டு நடையோ, வக்கீல் வாதமோ மட்டும் இதில் ஜெயிக்க முடியாது. வயல் வேலை தெரிந்தவரும், ரசாயனம் தெரிந்தவரும், சட்டம் தெரிந்தவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? விஞ்ஞானம் ஒரு கட்டடத்தில், விவசாயம் ஒரு கட்டடத்தில், சட்டம் வேறு ஊரில்! ஒருவர் படிப்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. ஆபத்து வந்த பிறகு கூடுகிறார்கள். முன்னாலேயே கூடியிருந்தால் எவ்வளவு நல்லது!

மஞ்சளில் கலந்த ஈயம்

முன்னாலேயே கூடினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதுவும் மஞ்சள் கதைதான்.

வங்காள தேசத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகள் பலருடைய ரத்தத்தில் ஈயம் இருந்தது. ஈயம் மெல்லக் கொல்லும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கிராமத்துப் பெண்களுக்கு ஈயம் எங்கிருந்து வந்தது? டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிலையத்தாரும், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தாரும் துருவித் துருவிப் பார்த்தார்கள். சந்தேகம் மஞ்சள் மேல் விழுந்தது.

மஞ்சளை வேகவைத்துக் காயவைத்த பிறகு மெருகு ஏற்றுவார்கள் அல்லவா? அந்தச் சமயத்தில் சில ஆலைகளில், பளிச்சென்ற நிறம் வருவதற்காக "லெட் குரோமேட்" என்ற மஞ்சள் சாயத்தைத் தூவினார்கள். அது ஈயம் கலந்த சாயம், உண்ணத்தக்கதே அல்ல. 1980-களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளை விற்பதற்காக இந்த வழக்கம் புகுந்தது என்கிறார்கள். சாயம் தூவியவர்களில் பலருக்கு அது நஞ்சு என்பதே தெரியாது!

2019-ல் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. ரத்தத்தில் இருந்த ஈயமும், சாயத்தில் இருந்த ஈயமும் ஒரே வகை என்று தெரிந்தது. ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை எழுதியதோடு நிற்கவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளைப் பார்த்தார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது. சந்தைகளில் எச்சரிக்கை நோட்டீசு ஒட்டினார்கள். அதிகாரிகள் கையடக்கமான கருவியை எடுத்துக்கொண்டு டாக்காவின் மொத்தச் சந்தையில் சோதனை போட்டார்கள். ஈயம் கலந்த மஞ்சளை விற்ற வியாபாரிகளுக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதித்தார்கள்.

பலன் என்ன தெரியுமா? 2019-ல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் ஈயம் இருந்தது. 2021-ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை! மஞ்சள் ஆலைத் தொழிலாளிகளின் ரத்தத்திலும் ஈயம் குறைந்திருந்தது.

டாக்டர் கண்டார், ரசாயன நிபுணர் நிரூபித்தார், மஞ்சள் வியாபாரம் தெரிந்தவர் வழி காட்டினார், சட்டம் தடியை எடுத்தது, பத்திரிகை ஊருக்குச் சொன்னது. இரண்டே வருஷத்தில் ஒரு நாட்டின் அடுப்படி சுத்தமாயிற்று. ஆராய்ச்சி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

பெருமை மட்டும் போதாது

இந்தக் கதைகளைக் கேட்டதும் சிலர் மார் தட்டிக்கொள்வார்கள். "நம் முன்னோருக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை. அமெரிக்காக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான்" என்பார்கள்.

இது சரியல்ல. முன்னோர் கண்டது பெரிது. ஆனால் கண்டதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் சத்துக்கு "குர்க்குமின்" என்று பெயர். அதை ஐரோப்பிய ரசாயன நிபுணர்கள் 1815-லேயே பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பை 1910-ல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிகள் நடந்தன. ஆனால் வயிற்றுக்குள் போன குர்க்குமின் ரத்தத்தில் சரியாகக் கலப்பதில்லை என்று தெரிந்தது. அது இந்த நோயைத் தீர்க்கும், அந்த நோயைத் தீர்க்கும் என்பதற்குப் போதுமான நிரூபணம் இல்லை என்று, 2017-ல் வெளிவந்த விரிவான கட்டுரை ஒன்றில் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள்.

இதனால் மஞ்சளின் மதிப்புக் குறைந்துவிடாது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொள்வது நமக்குத்தான் லாபம். சிறு சிராய்ப்புக்கு மஞ்சள் போடலாம். துருப்பிடித்த ஆணி ஆழமாகக் குத்திவிட்டால், மஞ்சளை அப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பாட்டியும் வேண்டும், டாக்டரும் வேண்டும்.

எழுதினால் திருட மாட்டார்களா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. "எல்லாவற்றையும் எழுதி வைத்தால், திருடுகிறவனுக்கு இன்னும் சுலபமாகப் போய்விடாதா? பெட்டியைத் திறந்து சாவியையும் கொடுப்பது போல் ஆகாதா?"

இந்தப் பயம் வீண் பயம் அல்ல. ஆனால் இதற்கு வழி இருக்கிறது.

மஞ்சள் வழக்குக்குப் பிறகு இந்திய அரசாங்கம் விழித்துக்கொண்டது. 2001-ல் "பாரம்பரிய அறிவு மின் நூலகம்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்த வைத்தியம் ஆகியவற்றின் பழைய நூல்களில் உள்ள மருந்து முறைகளைத் தொகுத்து, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் எழுதினார்கள். இதுவரை 3 லட்சத்துக்கு மேற்பட்ட முறைகள் சேர்ந்திருக்கின்றன. தமிழில் உள்ள சித்த வைத்திய நூல்களும் இதில் சேர்ந்திருப்பது நமக்குப் பெருமை.

2009-ல் ஐரோப்பிய, அமெரிக்கப் பேட்டண்டு ஆபீசுகள் இந்த நூலகத்தைப் பார்க்க ஒப்பந்தம் ஏற்பட்டது. யாராவது மனுப்போட்டால், பழைய நூலில் இருக்கிறதா என்று அதிகாரிகள் தேடிப் பார்க்கலாம். இருந்தால், மனு செல்லாது. வழக்கே வேண்டியதில்லை! வெகு காலம் வரை பேட்டண்டு ஆபீசுகளைத் தவிர மற்றவர்களுக்கு இதை முழுவதும் திறந்துவிடவில்லை. மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறந்துவிட 2022-ல் மந்திரி சபை சம்மதித்தது. ஆகவே, எழுதவும் வேண்டும். எழுதியதை யார் பார்க்கலாம் என்ற காவலும் வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. அறிவைத் தந்தவருக்குப் பங்கு கொடுப்பது. 1987-ம் ஆண்டில் கேரளத்து விஞ்ஞானிகள் சிலர் அகத்தியர் மலைக் காட்டில் நடந்து போனார்கள். அவர்கள் களைத்துப் போனார்கள். வழி காட்டிய காணிக்காரர்களோ களைக்கவே இல்லை. அவர்கள் ஏதோ சிறு பழங்களைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அந்தச் செடிதான் "ஆரோக்கியப் பச்சை". அதிலிருந்து "ஜீவனி" என்ற மருந்தைத் தயாரித்தார்கள். 1995-ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு மருந்து ஸ்தாபனத்துக்கு, அதைத் தயாரிக்கும் உரிமையை 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கிடைத்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. அதற்காக 1997-ல் ஒரு டிரஸ்டும் ஏற்பட்டது.

இந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தன. எல்லாக் காணி ஊர்களையும் கலந்து பேசவில்லை என்று மனஸ்தாபம் எழுந்தது. செடியைப் பயிரிட்டு எடுப்பதற்கு வன இலாகா ஆட்சேபித்தது. என்றாலும், "சொன்னவனுக்கும் பங்கு உண்டு" என்ற நியாயத்தை அது உலகத்துக்குக் காட்டியது. 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. செடி கொடிகள் போன்றவற்றின் மரபணு வளத்தைக்கொண்டோ, அவை பற்றிய மக்கள் அறிவைக்கொண்டோ பேட்டண்டு கேட்கிறவர், அது எங்கிருந்து கிடைத்தது என்று மனுவில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

தமிழில் எங்கே?

ஈரோட்டு வட்டாரத்து நாட்டு மஞ்சளை எடுத்து, பவானிசாகர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் பி.எஸ்.ஆர்.-1, பி.எஸ்.ஆர்.-2 என்ற ரகங்களை உருவாக்கினார்கள். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊர் மஞ்சளை "ஈரோடு மஞ்சள்" என்று விற்கக்கூடாது என்பது அதன் பொருள். இவை எல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால் அந்த மஞ்சளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய விவசாயிக்கு இதில் எவ்வளவு தெரியும்? ஆராய்ச்சிக் கட்டுரை ஆங்கிலத்தில் வருகிறது. சட்டமும் ஆங்கிலத்தில் வருகிறது. 2001-ம் ஆண்டுச் சட்டப்படி, விவசாயி தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பதிவான ரகத்தை அதன் வியாபாரப் பெயர் போட்டு விதையாக விற்பதுதான் கூடாது. தான் காப்பாற்றி வந்த ரகத்தை விவசாயி தன் பெயரில் பதிவு செய்துகொள்ளவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. இதை அறியாத விவசாயிக்கு அந்தச் சட்டம் இருந்தென்ன, இல்லாமல் என்ன?

"ஆராய்ச்சியைத் தமிழில் எழுத முடியாது, சொற்கள் இல்லை" என்று சிலர் சாக்குச் சொல்வார்கள். சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகளே இப்போது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. சட்டத்துக்கு முடிந்தது, மஞ்சளுக்கும் நெல்லுக்கும் முடியாதா? கட்டுரை முழுவதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு பக்கம்! "இதைத் தேடினோம், இதைக் கண்டோம், இதனால் உங்களுக்கு இன்ன பலன்" என்று ஒரு பக்கம் தமிழில் எழுதினால் போதும்.

மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் இப்படி ஒரு பக்கம் கட்டாயம் என்று அரசாங்கம் உத்தரவு போட வேண்டும். காசு கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்வது தர்மம் அல்லவா?

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒரு பக்கம். குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு.

2002-ல் உயிரினப் பன்மைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதை நடத்தும் தேசிய ஆணையம் 2003-ல் அமைந்தது. அதன் தலைமை ஆபீசு சென்னையிலேயே இருக்கிறது. இந்தச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு கமிட்டி அமைய வேண்டும். அந்த ஊரில் உள்ள செடி, கொடி, மரம், மாடு, மீன், விதை ஆகியவற்றையும், அவை பற்றி ஊர் மக்களுக்குத் தெரிந்தவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது? பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு பூர்த்தி செய்த பதிவேடு கோர்ட்டிலும் நிற்காது, வயலிலும் உதவாது. ஆடு மேய்க்கும் தாத்தாவைக் கேட்டு, நாற்று நடும் அத்தையைக் கேட்டு, பிரசவம் பார்த்த ஆயாவைக் கேட்டு எழுதிய பதிவேடுதான் உயிருள்ள பதிவேடு. சொன்னவர் பெயரும், சொன்ன தேதியும் அதில் இருக்க வேண்டும். அவர் "இதை வெளியே சொல்லாதே" என்றால், அதையும் மதிக்க வேண்டும்.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறதா? அதன் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பாட்டி பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்த இலை எந்த வலிக்கு, எந்த நெல் எந்த மண்ணுக்கு, எந்த மாதம் எந்த விதை என்று கேட்டு எழுதட்டும். பாட்டிக்கும் பொழுது போகும். பிள்ளைக்கும் கையெழுத்துத் திருந்தும். எழுத்துத் தெரியாமல் வாழ்ந்த பாட்டி சொன்னது, எழுத்துத் தெரிந்த பேத்தியின் கையால் நிலைத்து நிற்கும்.

ஒவ்வொரு ஊரிலும் வயதானவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்கள் போகும்போது, அவர்களுக்குத் தெரிந்ததும் கூடவே போய்விடுகிறது. அதை மீட்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. எந்த வக்கீலாலும் முடியாது.

1953-ல் யாரோ எழுதிய ஒரு கட்டுரை, 1997-ல் நம் மஞ்சளைக் காப்பாற்றியது. இன்றைக்கு ஒரு பேத்தி எழுதும் நோட்டுப் புத்தகம் நாளைக்கு எதைக் காப்பாற்றும் என்று யாருக்குத் தெரியும்? பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம்.